வீட்டிலேயே ஆயில் மாற்றலாமா? பிஎம்டபிள்யூ 525ஐ (ஈ60 வகை, என்52 இன்ஜின்)

கொங்குச்சாலை (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். செங்கல்பட்டு அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலையில் பொருத்தப்பட்ட ஈ60 வகை 525ஐ கார் ஒன்றைப் பழைய காராக வாங்கி ஓட்டி வருகிறேன். உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆறு சிலிண்டர் கொண்ட என்52 பெட்ரோல் இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது. மாருதி கார்களுக்கு வீட்டில் நானே ஆயில் மாற்றிப் பழக்கம் உண்டு என்பதால், இதற்கும் அவ்வாறே செய்யலாம் என்று எண்ணுகிறேன்.

எனக்குள்ள ஐயங்கள் நான்கு. இந்த இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியே இல்லை. அப்படியானால் ஊற்றிய அளவு சரியா என்பதை எவ்வாறு உறுதி செய்வது? ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்ணில், கடைக்காரர் ஒருவர் 5டபிள்யூ-30 போதும் என்கிறார், இன்னொருவர் நம் ஊர் வெயிலுக்கு 5டபிள்யூ-40 தான் வேண்டும் என்கிறார். இவற்றில் எது பொருந்தும்? காருக்கு அடியில் போகாமல் மேலிருந்தே ஆயிலை உறிஞ்சி எடுக்க வழி உண்டா? கடைசியாக, இத்தகைய காரை வீட்டு போர்டிகோவில் தூக்கி நிறுத்துவது அறிவுடைமைதானா?

பட்டறைக்காரர் (மதுரை)

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றவற்றில் தவறினால் பணம்தான் போகும், இதில் தவறினால் ஆளே போய்விடுவார். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காருக்கு அடியிலும் தலையைக் கொடுக்கக் கூடாது. ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி முட்டுக் கொடுப்பதை நம் ஊரில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் முன்னறிவிப்பு ஏதுமின்றி ஒரே நொடியில் நொறுங்கும். ஜாக்கி ஸ்டாண்டு வேண்டும், அல்லது சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் ரேம்ப் வேண்டும்.

ஈ60 காரில் இன்னொரு சிக்கல் உண்டு. கதவுகளுக்குக் கீழே, சக்கரங்களை ஒட்டி உள்ள நான்கு கட்டைகளில்தான் ஜாக்கியை வைக்க வேண்டும். அங்கே ஜாக்கி நின்றுவிட்டால் ஸ்டாண்டு வைக்க அதே இடம் கிடைக்காது. கண்ட இடத்தில் ஸ்டாண்டை வைக்கவும் முடியாது, ஏனெனில் இந்தக் காரின் முன்பகுதிக் கூடு முழுவதும் அலுமினியம். ஆகையால் வீட்டில் செய்பவர்களுக்கு ரேம்ப்தான் எளிது. முன் பம்பர் தாழ்வாக இருப்பதால், ரேம்புக்கு முன்னால் ஒரு கனமான பலகையைப் போட்டுச் சரிவைக் குறைத்துக்கொள்ளுங்கள். தரை கான்கிரீட்டாக இருக்கட்டும்; போர்டிகோவில் வழவழப்பான டைல்ஸ் பதித்திருந்தால் ரேம்ப் வழுக்கிக்கொண்டு போகும். கியர் பி நிலையில், கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு அடை வைத்த பிறகே கீழே செல்லுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். காரைச் சிறிது தூரம் ஓட்டி இன்ஜினைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கொதிக்கும் நிலையிலேயே வடிக்க வேண்டாம், சற்றுப் பொறுத்து, கை தாங்கும் சூட்டில் வடித்தால் போதும். இன்ஜினின் முன்பக்கம் மேலேயே ஃபில்டர் கூடு இருக்கிறது. அதன் மூடியை முதலில் கழற்றுங்கள். ஃபில்டரை உயர்த்தியதும் கூட்டில் நிற்கும் ஆயில் தானாகவே கீழே சம்புக்கு (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்கிவிடும். முதலில் கீழே வடித்துவிட்டு இதைக் கடைசியில் கழற்றினால் அந்தப் பழைய ஆயில் புதியதோடு கலந்துவிடும். மூடியைத் திருக 86 மில்லிமீட்டர் அளவுள்ள, பதினாறு பட்டைகள் கொண்ட கிண்ணம் போன்ற ஸ்பேனர் தேவை. சங்கிலி ஸ்பேனரைக் கொண்டு மூடியைக் கடித்து இழுப்பவர்கள் பிளாஸ்டிக்கை உடைத்துக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள்.

அடியில் பிளாஸ்டிக் கவசத்தை 8 மில்லிமீட்டர் தலை கொண்ட திருகாணிகள் பிடித்திருக்கும். ஆயிலை வடிக்கச் சம்பின் அடியில் உள்ள டிரெயின் நட்டுக்கு 17 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனர். இதை இறுக்கும்போதுதான் நம் மெக்கானிக்குகள் பலரும் தங்கள் தோள் வலிமையைக் காட்டுகிறார்கள். சம்ப் அலுமினியம், நட்டு எஃகு. மிகையாக இறுக்கினால் சம்பின் மரைதான் தேயும். நிறுவனம் சொல்லும் அளவு 25 நியூட்டன் மீட்டர் மட்டுமே. ஃபில்டர் மூடிக்கும் அதே 25 தான், மூடியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். எனவே இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மரை போன சம்பில் ஹெலிகாயில் (புதிய மரையாக அமையும் கம்பிச் சுருள்) போடும் செலவோடு பார்த்தால் அது மிகச் சிறிய தொகை.

நட்டுக்கான வாஷரையும், ஃபில்டர் மூடியின் பெரிய ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்), அதன் தண்டில் உள்ள சிறிய ஓ-ரிங்கையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே இவை வரும். பழைய பெரிய ஓ-ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதியதை ஏற்றினால் ஆயில் பீய்ச்சி அடிக்கும்.

கழற்றிய ஃபில்டரை உடனே குப்பையில் போடாதீர்கள். காகித மடிப்புகளைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பளபளக்கும் துகளோ பிளாஸ்டிக் சில்லோ தெரிந்தால் புதிய ஆயிலை ஊற்றுவதற்கு முன்பே யாரிடமாவது காட்ட வேண்டும்.

நெடுவழி (திருச்சிராப்பள்ளி)

பட்டறைக்கார அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் அடியில் போகாமலேயே முடிக்கும் வழியும் இருக்கிறது. என்னுடையது மெர்சிடிஸ் சி200, டபிள்யூ204 வகை, எம்271 இன்ஜின். ஆயில் குச்சி நுழையும் குழாய் வழியே மெல்லிய குழலை விட்டு, கையால் அடிக்கும் வெற்றிட பம்பைக் கொண்டு முழுவதையும் மேலிருந்தே உறிஞ்சிவிடுகிறேன். ஃபில்டரும் மேலேயே இருக்கிறது. அதற்கு 74 மில்லிமீட்டர், பதினான்கு பட்டை ஸ்பேனர். மொத்தம் ஐந்தரை லிட்டர். சட்டையில் ஒரு சொட்டுக்கூடப் படாமல் வேலை முடிகிறது. கொங்குச்சாலை அண்ணனும் இந்தப் பம்பை வாங்கிக்கொண்டால் ரேம்ப், ஸ்டாண்டு என்று எந்தத் தொல்லையும் இல்லை.

பட்டறைக்காரர் (மதுரை)

தம்பி, உங்கள் இன்ஜினுக்கு அது பொருந்தும், நான் மறுக்கவில்லை. மெர்சிடிஸ் இன்ஜின்களில் அந்தக் குழாய் சம்பின் தாழ்ந்த பகுதி வரை செல்வதால் உறிஞ்சுவது முறையான வழிதான். என்52 இன்ஜினில் குச்சியும் இல்லை, குச்சிக்கான குழாயும் இல்லை. எந்த வழியாகக் குழலை விடுவார்? ஆயில் ஊற்றும் வாய் வழியாக விட்டால் அது சிலிண்டர் ஹெட்டிலேயே முட்டி நிற்கும். இவருக்குக் கீழே போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

மேலும், உறிஞ்ச முடிகிற காரிலும் சில முறைக்கு ஒரு முறையாவது கீழே சென்று நட்டைக் கழற்றுவது நல்லது என்பது என் கருத்து. ஆயில் மாற்றுவதற்காக மட்டும் அல்ல. கவசத்தைக் கழற்றினால்தான் கசிவு, கிழிந்த ரப்பர், தளர்ந்த கிளிப் எல்லாம் கண்ணில் படும். சட்டையில் சொட்டுப் படாமல் வேலை பார்ப்பவருக்கு இவை எதுவும் தெரிய வராது.

பாகுநிலை (சென்னை)

மசகு எண்ணெய் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவள் என்ற முறையில் இரண்டாம் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாக விடை எழுதுகிறேன்.

டின்னின் முகப்பில் பெரிதாக அச்சிட்டுள்ள 5டபிள்யூ-30 என்ற எண்ணைப் பார்த்து ஆயில் வாங்குவதுதான் எங்கும் நடக்கிறது. ஆனால் பார்க்க வேண்டியது பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ள அங்கீகாரக் குறிப்பைத்தான். உங்கள் இன்ஜினுக்கு பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-01 அங்கீகாரம் பெற்ற ஆயில் வேண்டும். அந்த அங்கீகாரம் பெற்ற 5டபிள்யூ-30 ஆயிலும், சிறிய ஜப்பானியக் கார்களுக்கு விற்கப்படும் 5டபிள்யூ-30 ஆயிலும் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தாலும் ஒன்றல்ல. 150 பாகை வெப்பத்தில், தாங்கிகளுக்கு (பேரிங்) இடையே கடுமையாக நசுக்கப்படும் நிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. லாங்லைஃப்-01 ஆயில் அதில் குறைந்தது 3.5 மதிப்பெண் காட்டியாக வேண்டும். எரிபொருள் சிக்கனத்துக்காகத் தயாரிக்கப்படும் பல 5டபிள்யூ-30 ஆயில்கள் அதில் 2.9 முதல் 3.5 வரைதான் காட்டும்.

நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில் வேண்டும் என்ற வாதத்தையும் பார்ப்போம். வெளியே 42 பாகை வெயில் அடித்தாலும், குளிர்விப்பு அமைப்பு சரியாக இருக்கும் இன்ஜினுக்குள் ஆயிலின் வெப்பம் ஏறக்குறைய அதன் வழக்கமான அளவிலேயே நிற்கும். கடும் வெப்பத்தில் படலம் அறுந்துவிடும் என்ற அச்சத்துக்கு, அந்த 3.5 என்ற வரம்பே விடை. எனவே லாங்லைஃப்-01 அங்கீகாரம் இருந்தால் 5டபிள்யூ-30 ஆயிலையும் ஊற்றலாம், 5டபிள்யூ-40 ஆயிலையும் ஊற்றலாம். அங்கீகாரம் இல்லாவிட்டால் 40 என்ற எண் மட்டும் எதையும் காப்பாற்றாது. "தரத்துக்கு இணையானது" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது அங்கீகாரம் ஆகாது என்பதையும் கவனியுங்கள்.

லாங்லைஃப்-04 என்ற இன்னொரு வகையையும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கலாம். டீசல் கார்களின் புகைத்துகள் வடிகட்டி அடைபடாமல் இருக்கச் சாம்பல் குறைவாகத் தயாரிக்கப்படுவது அது. பெட்ரோல் இன்ஜினில் அதைப் பயன்படுத்துவதை பிஎம்டபிள்யூ பல காலம் ஐரோப்பாவின் சில நாடுகளில் மட்டுமே அனுமதித்திருந்தது. கந்தகம் மிகுந்த பெட்ரோலில் உண்டாகும் அமிலத்தை முறிக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு என்பதே காரணம். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 எரிபொருள் நாடெங்கும் வந்து, கந்தகத்தின் வரம்பு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்துவிட்டதால், அந்தக் காரணம் இப்போது பெரிதும் வலுவிழந்துவிட்டது. இருந்தாலும் உங்கள் காரில் புகைத்துகள் வடிகட்டியே இல்லாதபோது லாங்லைஃப்-04 ஆயிலால் உங்களுக்குக் கிடைக்கும் நன்மை ஒன்றுமில்லை. 01 வகையையே வாங்குங்கள்.

வாங்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல். போலி ஆயில் நம் சந்தையில் உண்மையான தொல்லை. அசல் டின்னில் மட்ட ஆயிலை நிரப்பி விற்பவர்களுக்கு மூலப்பொருளே நாம் பழைய இரும்புக் கடையில் போடும் காலி டின்கள்தான். ஊற்றி முடித்ததும் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள்.

கொங்குச்சாலை (கோயம்புத்தூர்)

மிக்க நன்றி அம்மா. முகப்பு எண்ணை மட்டும் பார்த்து வாங்க இருந்தேன். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது என்பதையும் கேட்டுவிடுகிறேன். காரின் திரையில் மீதமுள்ள தூரம் என்று காட்டுவது மிக நீண்ட தூரமாக இருக்கிறது. அதை நம்பலாமா?

பாகுநிலை (சென்னை)

ஐரோப்பியச் சாலைகளில் 25,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு என்ற இடைவெளியை மனத்தில் வைத்து அமைத்த கணக்கு அது. கார் எரித்த பெட்ரோலையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்றாலும், நான் அதை முழுமையாக நம்பமாட்டேன்.

கிலோமீட்டரை விடுத்து மணிக்கணக்காக எண்ணிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் கார் 10,000 கிலோமீட்டரைக் கடக்க இன்ஜின் ஏறத்தாழ 167 மணி நேரம் இயங்குகிறது. அவினாசி சாலையின் நெரிசலில் சராசரி 15 கிலோமீட்டர் என்றால் அதே தூரத்துக்கு 667 மணி நேரம். ஓடோமீட்டருக்கு இரண்டும் ஒன்று. ஆயிலுக்கு அப்படி இல்லை. இன்ஜின் முழுச் சூடு அடையும் முன்பே வீடு வந்துவிடும் குறும்பயணங்களில், எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து வெளியேற வழியின்றித் தங்குகின்றன. என்52 இன்ஜினில் குறும்பயணம் மட்டுமே ஓடும் கார்களில் மேலே டிக் டிக் என்று ஒலிக்கும் வால்வு லிஃப்டர்களை (வால்வுகளைத் திறக்க உதவும் சிறு பாகங்கள்) பற்றிப் பட்டறைக்கார ஐயாவே சொல்வார். நகருக்குள் மட்டும் ஓட்டினால் 7,000 முதல் 8,000 கிலோமீட்டர். கலந்து ஓட்டினால் 10,000. எவ்வளவு குறைவாக ஓட்டினாலும் ஆண்டுக்கு ஒரு முறை. இது என் கணிப்பு, நிறுவனத்தின் அறிவுரை அல்ல.

பட்டறைக்காரர் (மதுரை)

அம்மா சொன்ன டிக் டிக் ஒலி உண்மைதான். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வேனோஸ் சோலினாய்டு வால்வுகளில் உள்ள நுண்ணிய சல்லடையும் அழுக்கு ஆயிலால் அடைபடும். அப்போது இன்ஜின் விளக்கு எரியும், சென்சார் கெட்டது என்று சொல்லி விலை கேட்பார்கள். பல நேரம் கழற்றிச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும்.

அளவு பார்ப்பதைப் பற்றி யாரும் இன்னும் விடை எழுதவில்லை. இந்த இன்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்து ஆறரை லிட்டர். முதலில் ஆறு லிட்டரை மட்டும் ஊற்றுங்கள். இன்ஜினை இயக்கியதும் ஆயில் அழுத்த விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அணைந்தால், ஒரு நிமிடம் ஓடவிட்டு அடியில் கசிவு பார்த்து, ரேம்பிலிருந்து இறக்கி, இன்ஜின் முழுச் சூடு பெறும் வரை ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஆயில் அளவுப் பகுதியைத் திறங்கள். சற்று நேரம் அளந்த பிறகே அளவைக் காட்டும். குளிர்ந்த நிலையிலோ சரிவான இடத்திலோ கேட்டால் அளவு காட்டாது, அல்லது தவறாகக் காட்டும். குறைந்த கோட்டுக்கும் நிறைந்த கோட்டுக்கும் இடையே உள்ளது ஏறக்குறைய ஒரு லிட்டர் என்பதால், படம் பாதியளவில் நின்றால் மீதி அரை லிட்டரைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மிகையாக ஊற்றுவது குறைவாக ஊற்றுவதைவிட நல்லது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. மிகுந்தால் ஆயில் நுரைக்கும், மூச்சுக் குழாய் வழியே உறிஞ்சப்பட்டு எரியும்.

பின்பு சர்வீஸ் கணக்கைத் திருப்பி வைக்க வேண்டும். இன்ஜினை இயக்காமல் இக்னிஷனை மட்டும் போட்டு, மீட்டர் பலகையில் உள்ள பயணத் தூரப் பொத்தானைப் பத்து நொடி அளவு அழுத்திப் பிடித்தால் பட்டியல் தோன்றும். ஆயில் படம் வரும்போது மீண்டும் அழுத்தி உறுதி செய்யுங்கள். இதற்குக் கணினி தேவை என்று சொல்லித் தனியாகக் கட்டணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

நெக்கார்கரை (ஸ்டுட்கார்ட்)

எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பழைய ஆயில் எங்கே போகிறது என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லையே! இங்கே ஜெர்மனியில் ஆயில் விற்கும் கடை, விற்ற அளவுக்குப் பழைய ஆயிலைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ரசீதைக் காட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன். தெருவோரத்தில் வைத்து மாற்றினால் அபராதம் நிச்சயம். அங்கே என்ன செய்கிறீர்கள்?

நெடுவழி (திருச்சிராப்பள்ளி)

உண்மையைச் சொன்னால், வீட்டு வேலைக்கு வரும் கொத்தனார் கேட்டு வாங்கிக்கொள்வார். சென்ட்ரிங் பலகையில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்கத் தடவுவார்கள். கரையான் வராது என்று கதவு நிலைக்குப் பூசுபவர்களும் உண்டு.

பாகுநிலை (சென்னை)

தயவுசெய்து இரண்டையும் ஊக்குவிக்காதீர்கள். பயன்படுத்திய இன்ஜின் ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. தொடர்ந்து தோலில் படுவது தோல் புற்றுநோய்க்கு வழிவகுக்கக் கூடியது. சென்ட்ரிங் வேலை செய்பவர்கள் அதை வெறுங்கையால்தான் தடவுகிறார்கள். மறுசுத்திகரிப்புக்குச் சென்றால் அதிலிருந்து மீண்டும் நல்ல அடிப்படை எண்ணெய் எடுக்கலாம். தயாரிப்பாளர்களே பழைய ஆயிலைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் ஆறு லிட்டரோடு வரும் தனி மனிதருக்கென்று ஜெர்மனியைப் போன்ற கடைமுனை ஏற்பாடு நம்மிடம் இல்லை. நடைமுறையில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு ஆயிலைக் கொடுக்கும் பெரிய பட்டறை ஒன்றைப் பார்த்து அதன் பீப்பாயில் சேர்க்கச் சொல்வதே ஒரே வழி. தண்ணீரோ கூலண்டோ கலக்காமல் மூடிய கேனில் கொண்டு போங்கள். கலந்துவிட்டால் அவர்கள் வாங்கமாட்டார்கள். நீங்கள் வேலை செய்யும்போதும் நைட்ரைல் கையுறை அணியுங்கள்.

கொங்குச்சாலை (கோயம்புத்தூர்)

வேலையை முடித்துவிட்டேன். திரையில் அளவு நிறைந்த கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ஃபில்டர் மடிப்புகளில் துகள் எதுவும் இல்லை. பழைய ஆயில், தெரிந்த பட்டறை ஒன்றின் பீப்பாய்க்குச் சென்றுவிட்டது. டிரெயின் நட்டு ஸ்பேனருக்கு அசையாத அளவுக்கு இறுக்கப்பட்டிருந்தது. நல்லவேளையாக மரைக்குச் சேதமில்லை.

ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. ஃபில்டர் கூடு இன்ஜினோடு சேரும் இடத்துக்குக் கீழே ஈரமாக, புழுதி அப்பிக் கருத்துக் கிடக்கிறது. மூடியிலிருந்து வழிந்ததாகத் தெரியவில்லை. சம்பின் விளிம்பிலும் ஓரிடத்தில் லேசான ஈரம் இருக்கிறது. இவற்றை உடனே கவனிக்க வேண்டுமா?

பட்டறைக்காரர் (மதுரை)

முதலாவதை உடனே கவனியுங்கள், இரண்டாவதற்கு அவசரமில்லை.

ஃபில்டர் கூட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கசிவைத் தடுக்க வைத்துள்ள ரப்பர் கேஸ்கட் காலப்போக்கில் சூட்டில் வெந்து பிளாஸ்டிக் போல இறுகிவிடும். இந்தக் குடும்பத்து இன்ஜின்கள் எல்லாவற்றிலும் வரும் குறைதான். கேஸ்கட்டின் விலை மிகச் சிறியது. ஆனால் அதற்கு நேர் கீழே பெல்ட் ஓடுகிறது. ஆயில் சொட்டிச் சொட்டிப் பெல்ட் நனைந்து புல்லியிலிருந்து நழுவினால், கிழிந்த பெல்ட்டின் நார்களைக் கிராங்க் புல்லி சுற்றி இழுத்து, முன்பக்க ஆயில் சீலுக்கு உள்ளேயே திணித்துவிடும். அவை சம்புக்குப் போய் ஆயில் பம்பின் வாயை அடைத்த கார்களும் உண்டு. கேஸ்கட்டை மாற்றும்போது பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். ஆயில் ஊறிய பெல்ட்டைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது. கூட்டைக் கழற்றிய பின் இரு பக்கப் பரப்புகளையும் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சுத்தம் செய்யுங்கள், இரும்புத் தகடு அலுமினியத்தில் கீறல் போடும். பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யக் கூடிய வேலைதான்.

சம்ப் கேஸ்கட் அப்படி அல்ல. சம்பை இறக்க வேண்டுமென்றால் இன்ஜினை மேலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு இன்ஜினைத் தாங்கும் சட்டகமான முன் சப்ஃபிரேமைத் தாழ்த்த வேண்டும். இந்த இன்ஜினின் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த உடற்பகுதி) மக்னீசியக் கலவையால் ஆனது என்பதால் சம்ப்பைப் பிடிக்கும் திருகாணிகள் அலுமினியத்தால் செய்யப்பட்டவை. ஒரு முறை கழற்றினால் மறுபடி போடக் கூடாது, புதியவைதான் போட வேண்டும். எஃகுத் திருகாணியைப் போட்டால் மக்னீசியம் அரிக்கப்பட்டுவிடும். லிஃப்ட் உள்ள பட்டறைக்கே இதை விட்டுவிடுங்கள். இப்போதைக்கு அந்த விளிம்பைத் துடைத்துவிட்டு, அடுத்த ஆயில் மாற்றத்தின்போது எவ்வளவு ஈரம் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். மேலிருந்து வழிந்த ஆயில்தான் அங்கே போய்த் தங்கியிருக்கிறது என்று தெரிந்தால், ஃபில்டர் கூட்டின் கேஸ்கட்டோடு அதுவும் நின்றுவிடும்.